ஒரு வீட்டிற்கு ஒரு பதில்

மனிதர்கள் பொய் சொல்வதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. அவசர அவசரமாகச் சொல்கிறார்களே, அதில்தான் வருத்தம். நிதானமாகச் சொல்லப்படும் பொய்யில் கேட்பவர்மீது ஒரு மரியாதையாவது இருக்கும். என் மேசைக்கு வந்து சேர்ந்த பொய்களில் அந்த மரியாதை அபூர்வம்.

என் போக்கில் சொல்ல அனுமதித்ததற்கு நன்றி, மேடம். நீங்கள் முதலில் கேட்டதற்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிட்டேன். "உங்க மனைவிய எப்பவாவது அடிச்சிருக்கீங்களா?" என்றீர்கள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும். மற்றதற்கு என் தொழிலிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

கேள்விகளை இணையத்தில் விட்டுப் பதில்களைத் திரட்டித் தரும் நிறுவனம் எங்களுடையது. சோப்பு நுரைக்கிறதா, பேருந்து நேரத்திற்கு வருகிறதா, செவிலியர் முகம் சுளித்தாரா என்று யாருக்காவது எதையாவது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் கேட்டுத் தருகிறோம். பதில் சொல்பவருக்குச் சிறு வெகுமதி உண்டு. சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். ஒரே ஆள் நாற்பது பேராக வேடம் கட்டி வருவார். முதுகுவலி பற்றிய ஓர் ஆய்வில் ஒருவர் காலையில் விதவையாகவும், மதியம் கல்லூரி மாணவியாகவும், மாலையில் ஓய்வுபெற்ற கப்பல் ஊழியராகவும் வந்தார். மூவருக்கும் இடது தோள்பட்டைக்குக் கீழே அதே இடத்தில் அதே குத்தல். இத்தகையவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றும் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். அலுவலகத்தில் எனக்குச் சல்லடை என்று பெயர்.

"சல்லடை வந்தாச்சு, உமியெல்லாம் ஓரமா ஒதுங்குங்கப்பா" என்று தினமும் குரல் கொடுப்பவர் எதிர்மேசை அம்மா. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நான் நீக்கிய பதில்களை மறுபடி படித்து, தவறாக நீக்கியிருந்தால் திரும்பச் சேர்ப்பது அவர் வேலை. நீக்குபவனே நீதிபதியாகவும் இருக்கக்கூடாது என்று அந்த இரண்டாம் பார்வையை ஏற்படுத்தியவன் நான்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அதிகாரத்தை விரும்பியவன் அல்லன்.

போலிகளைப் பிடிப்பதற்குச் சில வழிகள் உண்டு. படிக்கவே முடியாத வேகத்தில் முடித்தவரைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தைத் தட்டிக்கொண்டு நேர்கோடு இழுத்தாற்போல் போனவரைச் சந்தேகிக்க வேண்டும். நடுவில் ஒரு பொறிக்கேள்வி வைப்போம்: 'கவனமாகப் படிக்கிறீர்கள் என்றால் இங்கே மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுங்கள்.' கவனமில்லாதவர் வேறெதையாவது தட்டுவார். முன்பு கேட்டதையே பின்னால் வேறு சொற்களில் கேட்போம். இரண்டு பதிலும் பொருந்தவில்லையென்றால் ஆள் பொய். கடைசியாக, பதில் எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறி பதிவாகும். ஒரே குறியில் இரண்டு பதில் வந்தால் முதல் பதிலை வைத்துக்கொண்டு அடுத்ததை ஆராய வேண்டும். ஆராய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். விடுதியில் ஐம்பது பெண்கள் ஒரே இணைப்பில் இருப்பார்கள். ஒரே குறி சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை நான்தான் பாடமாக நடத்துவேன்.

இன்னொரு விதியும் உண்டு. பதிலைத் திருத்தக்கூடாது. வைத்துக்கொள்ளலாம், அல்லது நீக்கலாம். மூன்றாவது வழி இல்லை.

இந்த ஒழுங்கு வீட்டிலும் எனக்குப் பயன்பட்டது. என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தவள். முதன்முதலாகப் பேசிக்கொண்ட அன்று, "ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட வலிக்காதுன்னு பொய் சொல்வே?" என்று கேட்டேன்.

"வலிக்கும்னு சொன்னா யாருங்க வாயத் திறப்பாங்க?" என்றாள்.

மிகவும் ரசித்தேன். திருமணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். அது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

காலையில் கிளம்பும்போதும் இடையில் தொலைபேசியிலும் கேட்டதை மாலையில் வேறு விதமாகக் கேட்பேன். "யாராவது வந்தாங்களா?" என்றால் மதியம் "யாரும் வரலைங்க" என்பாள். "கதவத் திறந்து யார்கிட்ட பேசினே?" என்றால் மாலையில் "தண்ணி மீட்டர் பாக்குறவர்கிட்ட ஒரு வார்த்தை" என்பாள். அவள் வேண்டுமென்றே பொய் சொன்னாள் என நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பதில் பொருந்தவில்லை. அலுவலகமாக இருந்தால் நீக்கிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். வீட்டில் அப்படிச் செய்ய முடியுமா? கட்டியவளாயிற்றே. ஆகவே வீட்டில் மட்டும் திருத்தினேன்.

பொறிக்கேள்வியும் வைப்பதுண்டு. பத்து விஷயம் பேசுகிறபோது நடுவில் ஒன்று சொல்வேன்: நான் வரும்போது மேல்தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருக்க வேண்டும். ஒரு மாலை இரண்டு தாழ்ப்பாளும் போட்டிருந்தது. கதவு நிலையில் கையை வைக்கச் சொன்னேன். "வேண்டாங்க" என்றாள், பிறகு வைத்தாள். நான் கதவைச் சாத்தினேன். இரண்டு விரல். நகம் விழுந்தாலும் மறுபடி முளைக்கும் என்பதை யோசித்துத்தான் விரலைத் தேர்ந்தெடுத்தேன். கட்டுப் போட்டுவிட்டவனும் நானே. அன்றிரவு அவளால் பிசைந்து சாப்பிட முடியவில்லை என்பதால் ஊட்டியும் விட்டேன். கைநீட்டுகிற கணவன் ஊட்டிவிடுவானா, நீங்களே சொல்லுங்கள்.

இனி மேல்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தலைக்குமேல் குடியிருந்தவர் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவர். குடியிருப்பு முழுக்க அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். படியில் எதிர்ப்பட்டால் சிரிக்காமல் போகமாட்டார். யார் வீட்டு விளக்கு எரியவில்லையென்றாலும் ஏணியோடு வந்து நிற்பார். எனக்கு அவர்மீது ஒரே ஒரு குறை. அவர் வீட்டில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலை வேளையில், வாளி நிரம்பி வழிந்து தரையில் ஓடும் ஓசை எங்கள் கூரைவழியே கேட்கும். தண்ணீரை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஒருநாள் மேலேறிப் போய்க் கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். முகம் வியர்த்திருந்தது, சிரிப்பு மட்டும் குறையவில்லை.

"தண்ணி ரொம்ப நேரமா ஓடுதே சார்" என்றேன்.

"அட, எங்க வீட்டுத் தண்ணிக்கும் நீங்கதான் காவலா? எங்க வீட்டுக்காரி குளிக்க ஆரம்பிச்சா ஆறே வத்திப்போகும் சார்" என்று என் தோளில் தட்டினார்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள். குளித்தவளாகத் தெரியவில்லை. ஈரத்துணியை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பல்வலி" என்றார் லிஃப்ட்காரர்.

அண்டை வீட்டானுக்குரிய அக்கறையோடு, என் மனைவி பல் மருத்துவமனையில் இருந்தவள், கீழே வந்து காட்டச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். என் மனைவி அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இது சொத்தையில விழுந்த பல் இல்லக்கா" என்றாள் என் மனைவி, மெதுவாக.

"தெரியும்மா" என்றாள் மேல்வீட்டுக்காரி.

பல்லைப் பற்றி இரண்டு பெண்களுக்கு என்ன பேச இருக்கப்போகிறது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலத்தில்தான் அந்த ஆய்வு எங்களிடம் வந்தது. வீட்டுக்குள் பெண்கள் படும் துன்பம் பற்றியது. பதில்களைப் பார்த்துத்தான் எந்தப் பகுதியில் அடைக்கல இல்லம் கட்டுவது என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்றார்கள். நான் மிகுந்த பொறுப்போடு உழைத்தேன். பெயர், எண், முகவரி எதுவும் கேட்கக்கூடாது என்று வாதாடினேன். முதல் திரையில் வரும் 'நீங்கள் யார் என்று நாங்கள் தேடமாட்டோம்' என்ற வாக்கியம் நான் எழுதியது. பதில் சொன்ன பெண் பின்னால் பயந்துபோய்த் தன் பதிலைத் திரும்பப் பெற நினைக்கலாம். அதற்காகக் கடைசித் திரையில் ஒரு குறிச்சொல் தோன்றும்படி செய்தேன். அந்தச் சொல்லை இட்டால் பதில் அழிந்துவிடும். வேறு யாராவது, கணவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஊகித்து அழித்துவிடக்கூடாதே. ஆகவே மூன்று முறை தவறான சொல்லை இட்டால் அந்தப் பதில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டும் என் யோசனைதான்.

வெளியிடுவதற்கு முந்தைய மாலை, எல்லாம் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க, வீட்டில் உட்கார்ந்து ஒரு மனைவியாகப் பாவித்துக்கொண்டு நானே ஒருமுறை நிரப்பினேன். உங்கள் கணவர் உங்களை அடித்ததுண்டா? ஒருபோதும் இல்லை. தள்ளியதுண்டா? ஒருபோதும் இல்லை. கேட்டுக்கொண்டே போனால் எல்லாமே ஒருபோதும் இல்லைதான். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்த்தாள். "சரியா இருக்கா?" என்றேன். "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அதைச் சோதனைப் பதில் என்று குறியிட மறந்துவிட்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே பிழை அது.

பதில்கள் குவிந்தன. போலிகளும் வந்தன. போலிகளுக்கு ஆயுதங்கள்மீது அலாதிப் பிரியம். கத்தி, பெல்ட், கொதிக்கும் எண்ணெய் என்று வர்ணனை நீளும். உண்மையான பதில் அப்படி இருக்காது. அதில் அடி ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் செய்யவேண்டியிருந்த வேலையைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். இத்தனை ஆண்டு படித்ததில் நான் கற்றுக்கொண்டது இது.

ஒரு காலை, சொந்தச் சொற்களில் எழுதும் இடத்தில் இப்படி ஒரு பதில் வந்தது:

'கத்தமாட்டார். முதலில் குழாயைத் திறந்துவிடுவார், வாளி நிரம்பி வழியும். பிறகு கதவைச் சாத்துவார். வெளியே தெரிகிற இடத்தில் அடிக்கமாட்டார். ஒருமுறை கை தவறி வெளியே தெரிந்துவிட்டது, அதற்கும் என்னைத்தான் திட்டினார். எல்லாம் முடிந்தபின் சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். வழிந்த தண்ணீரை நான்தான் துடைக்கவேண்டும்.'

இரண்டு முறை படித்தேன். இலக்கியப் படைப்பைப் படிப்பதுபோல் என்றுகூடச் சொல்வேன். ஒரு வாக்கியத்திலும் அழுகை இல்லை. எதுவும் 'நடந்தது' என்று எழுதப்படவில்லை. எல்லாம் 'நடக்கும்' என்று, பருவமழையைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதப்பட்டிருந்தது. துன்புறுத்துகிறவனுக்கு மரியாதை குறையவில்லை. கடைசி வாக்கியத்தில் வலி தண்ணீருக்கு மாறிவிடுகிறது. சந்தேகமே இல்லை, உண்மையான பதில். இணைப்பின் குறியைப் பார்த்தேன். நான் வீட்டிலிருந்து நிரப்பிய பதிலுக்கு இருந்த அதே குறி.

திருத்தங்களுக்கு முன்னால் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவதுண்டு. சுவர்கள் மெல்லியவை, அக்கம்பக்கத்தார் நிம்மதியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பதும் உண்டு. அது அக்கறை. அந்த அக்கறையையும் சேர்த்துப் புகாராக எழுதியிருந்தது எனக்கு வேதனையாக இருந்தது.

கோபப்படவில்லை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒரு பதில் வந்துவிட்டது. ஒரு வீட்டிற்கு ஒரு பதில். 'இரட்டைப் பதில்' என்று காரணம் எழுதி நீக்கினேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்ததென்றே நினைத்தேன். எதிர்மேசை அம்மா சும்மா இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

மறுநாள் முற்பகலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சல்லடையில ஓட்டை விழுந்துடுச்சு போலிருக்கே."

"என்னங்கம்மா?"

"இந்தக் குழாயைத் திறந்துவிடுறவன் பதில எதுக்கு சார் எடுத்தீங்க? படிச்சாலே நிசம்னு தெரியுது. இதப் போயி இரட்டைப் பதில்ங்கிறீங்க?"

"அதே இணைப்புல முன்னாடியே ஒண்ணு இருக்கு."

"அந்த முன்னாடி இருக்கிறதத்தான் பாத்தேன். ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லைன்னு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி போயிருக்கு. எவனோ ஒரு புருஷன் பொண்டாட்டி பேருல உக்காந்து நிரப்பியிருக்கான். தாலி கட்டினா போதாதுன்னு பதிலும் அவனே சொல்றான் பாருங்க." சிரித்தார். "அதத் தூக்கிட்டேன். இத உள்ள வச்சுட்டேன். சரிதானே?"

அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம். இரண்டாம் பார்வையில் சேர்க்கப்பட்டதை நான் மறுபடி நீக்க முடியாது. பதில் சொன்னவளே குறிச்சொல்லை இட்டுத் திரும்பப் பெற்றால்தான் உண்டு. தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்குக் கிளம்பினேன்.

நான் அந்த நேரத்தில் வந்து அவள் பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். உட்காரச் சொன்னேன். அந்தப் பதிலை மனப்பாடமாகச் சொன்னேன். 'குழாயைத் திறந்துவிடுவார்' என்ற இடத்தில் அவள் ஒரு கணம் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். எழுதியதை நினைவுகூர்கிறவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"நான் எழுதலைங்க" என்றாள்.

"நம்ம வீட்டு இணைப்புலேருந்து வந்திருக்கு."

"சத்தியமா நான் எழுதலைங்க."

"அப்ப வேற யாருக்காவது வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருக்கியா? கொடுத்திருந்தா சொல்லிடு. நான் அவங்க வீட்டுக்காரர்கிட்டயே போய்ப் பேசிக்கிறேன்."

நியாயமான கேள்விதான். நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற கேள்வியும் அதுதான். அவள் வெகுநேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் அப்போதுதான் பாதி வளர்ந்திருந்தது.

"யாருக்கும் கொடுக்கல" என்றாள். "நான்தான் எழுதினேன்."

ஒரே கேள்விக்கு இரண்டு பதில். முதலில் இல்லை, பிறகு ஆம். இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேறென்ன வேண்டும்?

குறிச்சொல்லைக் கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள். எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்தேன்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விவரமெல்லாம் மருத்துவரின் அறிக்கையில் இருக்கும். வளர்ந்துகொண்டிருந்த நகத்தில் தொடங்கினேன். அவள் ஒரு சொல் சொன்னாள். என் கைபேசியில் இட்டுப் பார்த்தேன். தவறு என்று வந்தது. ஏன் தவறான சொல்லைச் சொல்கிறாய் என்று கேட்டேன். மணிக்கட்டைத் திருப்பினேன்; சுள்ளி ஒடிவதுபோல் ஓர் ஓசை கேட்டது. இன்னொரு சொல் சொன்னாள். அதுவும் தவறு. அவள் கத்தவில்லை. அவளும் அக்கம்பக்கத்தாரை மதிப்பவள்தான். நான் கேள்வியை நிறுத்தி, எழுதியது நீதானா என்று மறுபடி கேட்டேன். "நான்தாங்க, நான்தாங்க" என்றாள். வயிற்றில் மிதித்தபோதும் அதையேதான் சொன்னாள். இப்போது பதில் மாறவே இல்லை என்பதை நான் கவனித்தேன். மனத்துக்குள் பாராட்டவும் செய்தேன். மூன்றாவதாக ஒரு சொல் சொன்னாள். அது எங்கள் திருமணம் நடந்த மாதத்தின் பெயர். அதையும் இட்டேன்.

பதில் பூட்டிக்கொண்டது.

இனி அதை யாராலும் அழிக்க முடியாது. நான் வடிவமைத்த பூட்டு அல்லவா? அந்த வாக்கியங்கள் அப்படியே நிற்கும். எண்களாக மாறும். ஏதோ ஓர் ஊரில் ஓர் இல்லத்தின் சுவராகும். அதைத் திருத்த வழியில்லை, நீக்கவும் வழியில்லை. ஆனால் சொன்னவள் என் எதிரில் இருந்தாள்.

தலை கைகழுவும் தொட்டியின் விளிம்பில் பட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். பட்டது என்பது பொருத்தமான சொல் அல்ல. கூந்தலைப் பிடித்து நான் மோதினேன். முதல் மோதலில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததில் விட்டுவிட்டாள். தேவையானதற்குமேல் சில முறை செய்திருப்பேன், எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கே இது வியப்புதான். பிறகு பழக்கத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அடுப்பில் அவள் பாதி சமைத்து வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போய் அடுப்பை அணைத்தேன்.

குழாயை அணைக்க மறந்துவிட்டேன். அதனால்தான் கதவு தட்டப்பட்டது.

மேல்வீட்டுக்காரி நின்றிருந்தாள். பகல்வேளை, அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். படியிறங்கி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"தண்ணி ரொம்ப நேரமா ஓடுது சார்" என்றாள்.

"மறந்துட்டேன். அணைச்சுடறேன்."

"தங்கச்சி எங்க சார்?"

"குளிக்கிறா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். தண்ணீர் கூடத்தைத் தாண்டி வாசல்வரை வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அதன் நிறம் சரியாக இல்லை. இத்தனை நாள் அதை எங்கள் வீட்டில் துடைத்துவந்தவள் துடைக்கவில்லை என்பதை அவள் எப்படியோ புரிந்துகொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பிறகு அங்கிருந்து ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

எதிர்மேசை அம்மாவும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனதாக அறிந்தேன். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் தம் வேலையைச் செய்தார். என் சோதனைப் பதிலை மட்டும் போலி என்று எடுத்தது அவசர முடிவு.

சற்றுமுன் நீங்கள் ஒன்று சொன்னீர்கள், மேடம். அந்தப் பதிலை எழுதியவள் என் மனைவி அல்ல, மேல்வீட்டுக்காரி. லிஃப்ட்காரர் அவள் கைபேசிக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டாராம். அன்று அந்தப் பல்லைப் பார்த்த பிறகு, என் மனைவிதான் எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்து, இப்படி ஓர் ஆய்வு வந்திருக்கிறது, நீங்களாவது எழுதுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கிறாள். குழாய் அவர்கள் வீட்டுக் குழாய். வெளியே தெரிந்தது அவள் பல். குறிச்சொல்லும் அவள் கைபேசியில்தான் இருந்திருக்கிறது, உங்களிடம் காட்டினாளாம். திரும்பப் பெறப்போவதில்லை என்றும் சொன்னாளாம். இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள் என்கிறீர்கள்; தன் கணவரைப் பற்றியும் எழுதிக் கொடுக்கிறாளாம். இன்னும் முடிக்கவில்லையென்றால் நீளமாகத்தான் எழுதுகிறாள் போலிருக்கிறது.

ஆக, என் மனைவி முதலில் சொன்ன பதில்தான் உண்மை. இரண்டாவதாகச் சொன்னது பொய். நிதானமாக யோசித்துச் சொன்ன பொய். நான் மேலே போய் லிஃப்ட்காரரிடம் பேசியிருந்தால் அவர் வீட்டுக் குழாய் அன்று வெகுநேரம் ஓடியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கு இப்போது எனக்குப் புரிகிறது. ஒரே இணைப்பில் இரண்டு வீடுகள் இருக்கலாம் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். தவறுதலாக ஒரு நல்ல பதிலைப் போலி என்று நீக்குவதற்கு எங்கள் தொழிலில் மன்னிப்பு உண்டு. முடிவில் ஓர் அடிக்குறிப்பு போடுவோம்.

இப்போது மறுபடி ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "அவங்க எழுதினது அவங்க வீட்டப் பத்தி. அதப் படிச்ச உடனே இது உங்க வீடுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நல்ல உத்தி, மேடம். முதலில் கேட்டதையே வேறு சொற்களில் கேட்கிறீர்கள். நானாக இருந்தாலும் இந்த இடத்தில் இதைத்தான் வைத்திருப்பேன். ஆனால் என் பதிலில் மாற்றம் இல்லை. நான் அவளை அடித்ததில்லை. கொன்றது நான்தான், அதில் எந்த ஐயமும் வேண்டாம், எங்கே கையெழுத்திட வேண்டுமோ சொல்லுங்கள். அதற்குமுன் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் மேல்வீட்டைப் பற்றியது என்று இப்போது நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் எங்கள் வீட்டிலிருந்து வந்தது ஒரே ஒரு பதில்தான். அதில் எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றே இருக்கிறது.